உளியும் ஒளியும்

நுழையும்முன்
கள்ளக்குறிச்சி மரச்சிற்பங்கள் 2021ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றன. வேண்டாததைச் செதுக்கி நீக்கி உருவம் காணும் கலை அது. வேண்டியதை மட்டும் படலம் படலமாகச் சேர்த்துப் பொருளை ஆக்கும் தொழில்நுட்பத்தை இப்பாடம் அறிமுகம் செய்கிறது.

கல்வராயன் மலைக்குக் கிழக்கே, கள்ளக்குறிச்சி வட்டாரத்து மரச்சிற்பக் கூடங்களில் உளியோசை கேட்கும். ஒரே சிற்பி, ஒரே அளவில் இரு பிள்ளையார் உருவங்களைச் செதுக்கினாலும் துதிக்கையின் வளைவில் சிறு வேறுபாடு இருக்கும். வாங்குவோர் அதனைக் குறையாகக் கருதுவதில்லை. கைவேலைக்குச் சான்றாகவே மதிப்பர். ஏவூர்திப் பொறிக்கு இச்சலுகை கிடையாது. முதற்பொறியைப் போன்றே பத்தாவது பொறியும் அமைந்தாக வேண்டும்.

2024 மே 9 அன்று திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் இஸ்ரோ ஒரு பொறியை 665 நொடிகள் எரியவிட்டுச் சோதித்தது. பி.எஸ்.எல்.வி. ஏவூர்தியின் நான்காம் நிலைக்குரிய அப்பொறி, முப்பரிமாண உலோக அச்சு முறையில் உருவானது. முன்பு 14 உறுப்புகளை இணைத்துச் செய்யப்பட்டது, இப்போது ஒற்றை உறுப்பாயிற்று. 19 பற்றவைப்பு இணைப்புகள் தேவையற்றுப் போயின. 565 கிலோகிராம் உலோகம் தேவைப்பட்ட இடத்தில் 13.7 கிலோகிராம் உலோகத்துகள் போதுமானதாயிற்று.

சிக்கனம் வியப்பளிக்கிறது. ஆனால், கடினமான பகுதி வேறிடத்தில் உள்ளது. மாவினும் நுண்ணிய உலோகத்துகளைத் தட்டின்மீது மெல்லிய படலமாகப் பரப்பி, லேசர் கதிரால் வேண்டிய இடங்களை மட்டும் உருக்குகின்றனர். உருகியது உறைந்ததும் அடுத்த படலம். படலத்தின் தடிமன் 0.04 மில்லிமீட்டர் எனக் கொண்டால், 300 மில்லிமீட்டர் உயரப் பொருளுக்கு 7,500 படலங்கள் வேண்டும். இவற்றுள் ஏதேனும் ஒன்றில் நேரும் பிழை, மேலே பரவும் படலங்களால் மூடுண்டு கண்ணுக்கு மறைந்துவிடும்.

பிழை எவ்வாறு நேர்கிறது? கதிரின் ஆற்றல் குறைந்தாலோ, அது மிக விரைந்து நகர்ந்தாலோ துகள்கள் முழுமையாக உருகா. படலங்களுக்கிடையே வெற்றிடம் தங்கும். ஆற்றல் மிகுந்தால் உலோகம் ஆவியாகி, ஆழத்தில் குமிழியாய்ச் சிக்கிக்கொள்ளும். இரண்டும் புரையே; இரண்டிலிருந்தும் விரிசல் தொடங்கலாம். ஈரம்பட்ட துகள் சீராகப் பரவாது. உருகாது எஞ்சிய துகளைச் சலித்து மீண்டும் பயன்படுத்தும்போது அதில் ஆக்சிசன் சிறிது சிறிதாகக் கூடக்கூடும். அறைக்குள் ஓடும் ஆர்கான் வாயு, உருகும்போது எழும் புகையை அகற்றாவிடில், அப்புகையே கதிரை மறித்துவிடும். இதனால் ஒரே தட்டில் நடுவே வளர்ந்த பொருளும் ஓரத்தில் வளர்ந்த பொருளும் வலிமையில் வேறுபடுவதுண்டு. வரைபடமோ ஒன்றுதான்!

எனவே, நல்ல பொருள் ஒன்று கிடைத்துவிட்டால் மட்டும் போதாது. அதனைத் தந்த கதிராற்றல், வேகம், படலத் தடிமன், துகளின் தரம், வாயுவோட்டம், பின்னர்ச் செய்யும் வெப்பப் பதப்படுத்தல் ஆகிய அனைத்தையும் பதிவுசெய்து, மாற்றாமல் நிலைநிறுத்துகின்றனர். பொறியை வேறோர் இயந்திரத்தில் அச்சிட வேண்டுமெனில், அவ்வியந்திரம் அதே வகையினதாயினும் சோதனைகளை மீண்டும் நடத்துகின்றனர். பொறுமையைச் சோதிக்கும் வேலைதான்.

முடிந்த பொறியை உடைத்துப் பார்க்க இயலாது. ஆகவே, அதே தட்டில், அதே துகளில், அதன் அருகிலேயே சிறு உலோகத் தண்டுகளையும் வளர்க்கின்றனர். பொறி ஊடுகதிர்ச் சோதனைக்குச் செல்ல, தண்டுகளோ இழுவை இயந்திரத்தில் முறியும்வரை இழுக்கப்படுகின்றன. அவை முறிந்த விசை, முந்தைய தொகுதிகளின் அளவோடு ஒத்திருந்தால்தான் பொறி அடுத்த கட்டத்திற்குச் செல்லும்.