ஊதா நல்லது, சிவப்பு கெட்டதா?

லேப் ரிப்போர்ட்டில் 'கிராம் பாசிட்டிவ்' என்ற வரியைப் பார்த்ததும் வீட்டில் கலக்கம் பிறந்துவிடுகிறது. பாசிட்டிவ் என்றால் நோய், நெகட்டிவ் என்றால் தப்பித்தோம் என்று கொரோனா காலம் நம்மைப் பழக்கிவிட்டது. கிராம் சாயப் பரிசோதனைக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. 'கிராம் நெகட்டிவ் பேசில்லை' என்று எழுதியிருந்தால் அங்கே பாக்டீரியா இருக்கிறது என்றே பொருள். முதலில் ஏற்றிய ஊதாச் சாயத்தை அது கழுவலில் விட்டுவிட்டது, அவ்வளவுதான். எதுவுமே தென்படாவிட்டால் பாக்டீரியா காணப்படவில்லை என்று தனியாக எழுதுவார்கள்.

ஸ்லைடில் நடப்பதைக் கிட்டே நின்று பார்த்தால் இது விளங்கும். சீழையோ சளியையோ கண்ணாடியில் மெல்லியதாகத் தடவி, உலரவிட்டு, சுடரில் லேசாகக் காட்டி ஒட்டவைக்கிறார் டெக்னீஷியன். அதன்மேல் கிரிஸ்டல் வயலட் ஒரு நிமிடம், கழுவியபின் அயோடின் ஒரு நிமிடம். இந்தக் கட்டத்தில் எல்லா பாக்டீரியாவும் ஊதாதான். அடுத்து ஸ்லைடைச் சாய்த்துப் பிடித்து ஆல்கஹாலைச் சொட்டுச் சொட்டாக விடுகிறார். ஊதாவாக வழியும் துளி நிறமிழந்து தெளியும் கணத்தில் தண்ணீர் ஊற்றி நிறுத்திவிட வேண்டும். சில விநாடி தாமதித்தால் ஊதாவாக நிற்கவேண்டியவையும் வெளுத்துவிடும். முந்திக்கொண்டால் வெளுக்கவேண்டியவை ஊதாவாகவே நிற்கும். கடைசியாகச் சஃப்ரனின்: வெளுத்தவை இளஞ்சிவப்பாகின்றன. முடிவின் நம்பகம் பெரும்பாலும் அந்தச் சில விநாடிகளைக் கையாளும் கையில்தான் இருக்கிறது. அந்தக் கைக்கு நாம் கொடுக்கும் மதிப்பு போதாது என்பது என் எண்ணம்.

பிரித்துக் காட்டுவது செல்சுவர். பெப்டிடோகிளைகான் என்ற பொருளால் ஆன தடித்த சுவர் இருந்தால், ஆல்கஹால் பட்டதும் அது நீரிழந்து இறுகி, வயலட்டும் அயோடினும் சேர்ந்த திரளை உள்ளேயே பூட்டிவிடுகிறது. சுவர் மெலிந்து அதற்கு வெளியே கொழுப்புச் சவ்வு போர்த்திய பாக்டீரியாவில் அந்தச் சவ்வு கரைந்து சாயம் வெளியேறிவிடுகிறது.

நம்பிக்கை: பாசிட்டிவ் சாது, நெகட்டிவ் கொடியது

மருத்துவம் படித்தவர்கள் வாயிலும் இது வரும். பாதி உண்மை இருப்பதால் எளிதில் சாகவும் மாட்டேன் என்கிறது. கிராம் நெகட்டிவ் பாக்டீரியாவின் வெளிச்சவ்வில் உள்ள ஒரு பொருள் ரத்தத்தில் கலந்தால் கடும் காய்ச்சலும் அதிர்ச்சி நிலையும் வரலாம். வான்கோமைசின் போன்ற பெரிய மூலக்கூறு மருந்துகள் அந்தச் சவ்வைத் தாண்டமாட்டா. ஆகவே கல்ச்சர் முடிவு வரும்வரை எந்த ஆன்டிபயாடிக்கில் தொடங்குவது என்று முடிவெடுக்க நிறம் உதவுகிறது. அதைக் குணத்துக்குச் சான்றிதழாக எடுத்துக்கொள்ள முடியாது. தயிரைப் புளிக்கவைக்கும் லாக்டோபேசில்லஸ் ஊதா. இட்லி மாவைப் பொங்கவைக்கும் லியூகோனாஸ்டாக் ஊதா. ஆந்த்ராக்ஸ் கிருமியும் ரணஜன்னிக் கிருமியும் அதே ஊதாதான். காலரா கிருமி சிவப்பு. நம் குடலில் பெரும்பாலும் தொந்தரவின்றி வாழும் ஈ.கோலையும் சிவப்பு.

நம்பிக்கை: பாக்டீரியாவை வகைப்படுத்தவே இந்த முறை கண்டுபிடிக்கப்பட்டது

டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் 1884-இல் இதை வெளியிட்டபோது பெர்லினில் நிமோனியாவால் இறந்தவர்களின் நுரையீரல் திசுவை ஆராய்ந்துகொண்டிருந்தார். திசுவின் செல்கள் வெளுத்துப்போக, கிருமி மட்டும் தனித்துத் தெரியவேண்டும் என்பதே அவர் நோக்கம். டைஃபாய்டு கிருமி நிறமிழந்தது அவருக்கு ஒரு குறைபாடாகத்தான் பட்டது. பிற்காலத்தார் அந்தக் குறையையே வகைப்பாட்டின் அடிப்படையாக்கினார்கள்.

நம்பிக்கை: எல்லா பாக்டீரியாவும் இந்த இரண்டில் ஒன்றில் அடங்கும்

மைக்கோபிளாஸ்மாவுக்குச் செல்சுவரே இல்லை. சிஃபிலிஸ் கிருமி இந்தச் சாயத்தில் தென்படாத அளவுக்கு ஒல்லி. ரணஜன்னிக் கிருமிகூடப் பழைய கல்ச்சரில் ஊதாவை விட்டுச் சிவப்பாகத் தெரியும். நமக்கு மிக முக்கியமான விதிவிலக்கு காசநோய்க் கிருமி. அதன் சுவரில் மெழுகு போன்ற மைக்காலிக் அமிலம் மண்டியிருப்பதால் கிராம் சாயம் சரியாக ஏறுவதில்லை. அதற்கு ஸீல்-நீல்சன் முறை வேண்டும். கார்பால் ஃபுக்சினை ஊற்றி, அடியில் சுடர் காட்டி, ஆவி எழும்வரை சூடாக்குகிறார்கள். பிறகு கந்தக அமிலத்தால் கழுவுகிறார்கள். மற்றவை நிறமிழக்க, காசநோய்க் கிருமி மட்டும் சிவப்பை விடாமல் பிடித்துக்கொள்கிறது. மெத்திலீன் நீலப் பின்னணியில் மெல்லிய சிவப்புக் கோடுகளாக அது தெரியும். தொழுநோய்க் கிருமியின் பிடி இதைவிடத் தளர்வு. அதற்கு அமிலத்தின் வீரியத்தைக் குறைத்துக்கொள்வார்கள்.

நம்பிக்கை: சளி ஸ்மியர் நெகட்டிவ் வந்தால் டிபி இல்லை

இங்கே பதிந்துபோன தவறான எண்ணங்களில் உயிருக்கே ஆபத்தானது இதுதான். சளியை ஸ்லைடில் தடவிப் பார்க்கும் ஸ்மியரில் கிருமி கண்ணுக்குப் படவேண்டுமானால் ஒரு மில்லி சளியில் ஏறத்தாழ 5,000 முதல் 10,000 கிருமிகளாவது இருக்கவேண்டும். அதற்குக் குறைவாக இருந்தால் நோய் உள்ளே இருந்தும் ஸ்லைடு வெறுமையாகவே தெரியும். ஹெச்ஐவி உள்ளவர்களின் சளியில் கிருமி குறைவாக இருப்பதுண்டு. குழந்தைகளுக்குச் சளியை வெளியே துப்பவே தெரியாது. நிணநீர்க்கட்டியிலோ முதுகெலும்பிலோ உள்ள காசநோய்க்குச் சளியில் தடயமே இராது. பலர் டப்பாவில் கொடுப்பது நெஞ்சுச் சளியாக இல்லாமல் வெறும் எச்சிலாகவும் இருந்துவிடுகிறது. காலையில் எழுந்ததும் வாயைக் கொப்பளித்து, ஆழ்ந்து மூச்சிழுத்து, அடியிலிருந்து இருமி எடுத்த சளிதான் பயன்படும்.

ஸ்மியர் சொல்லாதது இன்னும் உண்டு. தெரியும் சிவப்புக் கோடு உயிருள்ள கிருமியா செத்ததா என்று அது சொல்லாது. காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினுக்கு அது அடங்குமா என்றும் சொல்லாது. சிபிநாட், ட்ரூநாட் போன்ற மூலக்கூறு பரிசோதனைகள் கிருமியின் மரபணுவையே தேடுவதால் குறைந்த எண்ணிக்கையிலும் கண்டுபிடிக்கின்றன; ரிஃபாம்பிசின் எதிர்ப்பையும் சில மணி நேரத்தில் காட்டிவிடுகின்றன. அரசின் காசநோய் ஒழிப்புத் திட்டத்தில் இவை இலவசம். ஸ்மியர் நெகட்டிவ் என்று வந்த பிறகும் இரண்டு வாரத்துக்கு மேலான இருமல், மாலைக் காய்ச்சல், எடைக்குறைவு ஆகியவை நீடித்தால், இந்த மூலக்கூறு பரிசோதனைகளில் ஒன்றைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.