கடைமடை வீட்டில் ஒரு கேமிங் கம்ப்யூட்டர்

“ஓவர்க்ளாக் பண்ணினால் புராசஸர் எரிந்துவிடும்.”

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் பட்ஜெட்டில் கேமிங் கம்ப்யூட்டர் சேர்க்கப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் எச்சரிக்கை இது. பாதிதான் சரி. சிப்பை வாட்டுவது வேகத்தை விட, வேகத்துக்காக ஏற்றும் வோல்டேஜ்தான். சூடு வோல்டேஜின் வர்க்கத்தோடு ஏறும். 1.2 வோல்ட்டை 1.3 ஆக்கி, வேகத்தை 5 சதவீதம் கூட்டினால் சூடு சுமார் 23 சதவீதம் கூடிவிடும். கிராபிக்ஸ் கார்டு திணறும் கேம்களில் அந்த 5 சதவீதம் கண்ணுக்கே தெரியாது. வோல்டேஜைத் தொடாமல், சிப் தாங்குகிற அளவுக்கு மட்டும் ஏற்றுங்கள். சூடு மீறினால் சிப் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காவிட்டால் மெஷின் அணைந்துவிடும்.

“எந்த போர்டிலும் பண்ணலாம்” என்பதும் தப்பு. இன்டெலில் பெயர்க் கடைசியில் ‘கே’ உள்ள புராசஸரும் இசட் வரிசை போர்டும் சேர வேண்டும். பட்ஜெட் அங்கேயே கவிழ்ந்துவிடும். ஏஎம்டி ரைசனில் பெரும்பாலானவை பூட்டில்லாமல் வருகின்றன. ஆனால் ஏ320, ஏ520 போர்டுகள் புராசஸரை ஏற்ற விடாது, பி450, பி550 விடும். அதற்கு முன்னால் ரேமைப் பாருங்கள். 3200 என்று எழுதிய ரேமை வாங்கிப் போட்டுவிட்டு, பயாஸில் எக்ஸ்எம்பியை ஆன் செய்யாமல் வருஷக்கணக்கில் 2400-லோ 2666-லோ ஓட்டுகிறவர்கள் ஏராளம். செலவில்லாத ஓவர்க்ளாக் அதுதான். 16 ஜிபியை ஒரே குச்சியாக வாங்காமல் 8, 8 என இரண்டாக வாங்கினால் இன்னும் நல்லது.

“யூடியூப்பில் 70 டிகிரிதான் காட்டினார்கள்.” வீடியோ போட்டவர் உட்கார்ந்திருந்த அறை 22 டிகிரியாக இருக்கும். அறை எத்தனை டிகிரி ஏறுகிறதோ, சிப்பும் கிட்டத்தட்ட அத்தனை டிகிரி ஏறும். சித்திரை வெயிலில் 38 டிகிரி அறையில் அதே செட்டிங் 86-ஐத் தொடும். அதற்காக ஏசி தேவையில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுக் கம்ப்யூட்டர் சென்டருக்குள் போன காலத்து பயம் அது. காற்று உள்ளே போய் வெளியே வந்தால் போதும். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்டு விளக்கு எரியும் கேபினெட் பார்க்க அழகு, மூச்சு விடாது. வலை முகப்பு வாங்குங்கள்.

தை, மாசியில் சம்பா அறுவடை மெஷின் இறங்கியதும் ஊரே தூசியாகிவிடும். ரோட்டில் நெல் காயும். நெல் சுணை ஃபேன் வழியே போய், ஹீட்சிங்க் தகடுகளுக்கு இடையே சாம்பல் நிறத்தில் கம்பளி மாதிரி படியும். மேலே ஃபேன் சுற்றுவதால் வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. ஃபேனைக் கழற்றி பிரஷால் தள்ள வேண்டும். புளோயர் அடிக்கும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது எஸ்எம்பிஎஸ். “கேபினெட்டோடயே 500 வாட் வருது சார்.” பக்கவாட்டு ஸ்டிக்கரைப் படியுங்கள். 12 வோல்ட் கட்டத்தில் 16 ஆம்பியர் என்று இருந்தால் 12-ஐ 16-ஆல் பெருக்குங்கள்: 192 வாட். புராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் தின்பது அந்த 12 வோல்ட்டிலிருந்துதான். ரைசன் 5 5600 அதிகபட்சம் 76 வாட், ஆர்எக்ஸ் 6600 கார்டு 132 வாட்; இரண்டுக்குமே 208 ஆகிவிட்டது. நேர்மையான 450 வாட் எஸ்எம்பிஎஸ் இந்த ஜோடிக்குத் தாராளம். 80 பிளஸ் முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் மாறுகிறது என்பதை மட்டுமே சொல்லும். பாதுகாப்புக்கு அது சான்றிதழ் இல்லை.

“வோல்டேஜ் ஏறி இறங்குது, ஸ்டெபிலைசர் கட்டாயம்.” குறுவைக்குப் பம்புசெட்டுகள் ஓடும் நேரத்தில், கடைமடைக்குத் தண்ணீர் போல, டிரான்ஸ்ஃபார்மருக்குத் தள்ளி இருக்கும் வீட்டுக்கு வோல்டேஜ் மெலிந்துதான் வரும். ஆனால் ஸ்டிக்கரில் 100–240 வோல்ட் என்று போட்ட நல்ல எஸ்எம்பிஎஸ் அதைத் தானே சமாளிக்கும். 200–240 என்று மட்டும் இருந்தால் வேறு பாருங்கள். கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறும்போது மெஷின் ரீஸ்டார்ட் ஆவது தனிக் கதை. எஸ்எம்பிஎஸ் முழுச் சுமையில் சுமார் 16 மில்லி செகண்ட்தான் மூச்சைப் பிடித்திருக்கும். பல வீட்டு இன்வெர்ட்டர்களில் யூபிஎஸ் மோடுக்கு ஒரு சுவிட்ச் உண்டு. அதைப் போட்டால் மாறும் நேரம் குறையும், பெரும்பாலும் தனி யூபிஎஸ் செலவு மிச்சம். பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரை மட்டும் நம்ப வேண்டாம்.

“கேபினெட்டைத் தொட்டால் சுருக்குனு இழுக்குது, கம்ப்யூட்டர்னா அப்படித்தான்.” அப்படி இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் வடிகட்டிக் கப்பாசிட்டர்கள் கசியவிடும் சிறு மின்சாரம் எர்த் வழியே இறங்க வேண்டும். எர்த் இல்லாவிட்டால் கேபினெட் தகட்டில் மெயின் வோல்டேஜில் பாதி, சுமார் 115 வோல்ட், நிற்கும். மூன்று பின் பிளக்கை இரண்டு பின் கன்வெர்ட்டரில் சொருகியிருந்தால் முதலில் அதைத் தூக்கிப் போடுங்கள். பிறகு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, பச்சை வயர் சுவிட்ச் பெட்டியோடு நின்றுவிட்டதா, கொல்லையில் புதைத்த எர்த் குழாய் வரை போகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.