கீழ்பவானி வாய்க்காலும் கசிவு நீரும்: ஒரு பொது விவாதம் தரும் பாடம்

ஒரு வாய்க்காலின் கரை வழியே கசிந்து செல்லும் நீர் வீணாகும் நீரா, பயன்படும் நீரா? கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இக்கேள்வி, ஈரோடு மாவட்டத்துக் கிராமங்களைப் பல ஆண்டுகளாக இரு பிரிவாக நிறுத்தியிருக்கிறது. கீழ்பவானி வாய்க்காலைச் சீரமைத்து அதற்குக் கான்கிரீட் பூச்சு இடுவது என்ற அரசாங்கத் திட்டமே இவ்விவாதத்திற்குக் காரணம். இரு தரப்பினரும் உழுது பயிரிடும் குடியானவர்களே. இரு தரப்பினரும் கேட்பது தண்ணீரே. ஆகவே எவர் பக்கம் வெற்றி என்று பார்ப்பதைவிட, இதிலிருந்து நாம் கற்க வேண்டியது யாது என்று ஆராய்வதே கிராம முன்னேற்றத்தில் அக்கறை கொண்டோர்க்குப் பயன் தரும்.

வாய்க்கால் வந்த வரலாறு

பவானி ஆற்றின் குறுக்கே சத்தியமங்கலத்திற்கு மேற்கில் அமைந்திருப்பது பவானிசாகர் அணை. இந்த அணை வேண்டும் என்று இடைவிடாது வற்புறுத்தியவர்களுள் தியாகி எம். ஏ. ஈஸ்வரன் முக்கியமானவர். 1948ஆம் ஆண்டில் தொடங்கிய கட்டுமானம் 1955ஆம் ஆண்டில் நிறைவெய்தியது. ஏறத்தாழ 32.8 டி.எம்.சி., அதாவது 3,280 கோடி கன அடி நீரைத் தேக்கவல்ல இவ்வணை, பெரும்பகுதி மண்ணால் கட்டப்பட்டதாகும்.

அணையிலிருந்து புறப்படும் கீழ்பவானி வாய்க்கால் சுமார் 200 கிலோமீட்டர் நீளமுடையது. மலைச்சரிவின் மட்டத்தையொட்டி வளைந்து வளைந்து செல்லும் மண் வாய்க்கால் இது. ஈரோடு, திருப்பூர், கரூர் ஆகிய மூன்று மாவட்டங்களில் 2,07,000 ஏக்கர் நிலம் இதன் ஆயக்கட்டாகும். இதற்கு மிக முற்பட்ட தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களும் காலிங்கராயன் வாய்க்காலும் ஆற்றையொட்டித் தாழ்ந்த மட்டத்தில் ஓடுகின்றன. கீழ்பவானி வாய்க்காலோ மேட்டு நிலத்தில் ஓடுவது. அதன் பாசனப் பரப்பு அதற்குக் கீழேயுள்ள சரிவில் அமைந்திருக்கிறது. இந்த நில அமைப்பை மனத்தில் இருத்திக்கொண்டால்தான் பின்னர்க் கூறப்போகும் கசிவு நீரின் கதை விளங்கும்.

நீர்ப் பங்கீட்டில் ஒரு தனிமுறை இங்கே உண்டு. ஆயக்கட்டு முழுமைக்கும் ஒரே காலத்தில் நீர் விடுவதில்லை. மதகுகளை ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று பிரித்து, ஒரு பாதியான 1,03,500 ஏக்கருக்கு ஆகஸ்டு முதல் டிசம்பர் வரை நன்செய்ப் பயிருக்கும், மறு பாதிக்கு ஜனவரி முதல் ஏப்ரல் வரை கடலை, எள் முதலிய புன்செய்ப் பயிர்களுக்கும் நீர் தருவர். மறு ஆண்டில் முறை மாறும். குறைந்த நீரைப் பலர்க்கும் பகிர்ந்தளிக்க முற்பட்ட இந்த ஏற்பாடு நம் கவனத்திற்குரியது.

திட்டமும் எதிர்ப்பும்

மண் வாய்க்காலுக்கு வயது ஏறினால் நோய்களும் ஏறும். கரை கரைகிறது; மதகு பழுதுபடுகிறது; மண் படிந்து வாய்க்காலின் கொள்ளளவு குறைகிறது. இவற்றைச் சீர்ப்படுத்த, நபார்டு வங்கியின் உதவியுடன் ரூ. 934 கோடி மதிப்பில் விரிவாக்கம், புனரமைப்பு, நவீனமாக்கல் திட்டம் ஒன்று வகுக்கப்பட்டது. 2021ஆம் ஆண்டு பிப்ரவரி 25ஆம் நாள் கோயம்புத்தூரில் பிரதமர் அதற்கு அடிக்கல் நாட்டினார். வாய்க்கால்களுக்குப் பூச்சு இடுவதுடன், 824 மதகுகள், 176 வடிகால்கள், 32 பாலங்கள் ஆகியவற்றைப் பழுது பார்ப்பதும் திட்டத்தில் அடங்கும்.

மதகுகளையும் பாலங்களையும் செப்பனிடுவதில் எவர்க்கும் மாறுபாடு இல்லை. கான்கிரீட் பூச்சே விவாதத்தின் மையம். கூட்டங்கள் நடந்தன, ஊர்வலங்களும் உண்ணாநோன்புகளும் நிகழ்ந்தன, பணி உடனே நடக்க வேண்டும் என்று ஒரு சாராரும், நிற்க வேண்டும் என்று மற்றொரு சாராரும் முறையிட்டனர். வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்திற்கும் சென்றது.

கடைமடைக்காரரின் நியாயம்

முதலில் பூச்சு வேண்டும் என்போரின் வாதத்தைக் கேட்போம். ஒரு சிறு கணக்கு இதனை விளக்கும்.

வாய்க்காலில் வினாடிக்கு 2,300 கன அடி வீதம் 120 நாட்கள் இடைவிடாது நீர் விட்டால், மொத்தம் 2,384.64 கோடி கன அடி, அதாவது ஏறத்தாழ 24 டி.எம்.சி. ஆகும். இதனை 1,03,500 ஏக்கருக்குப் பங்கிட்டால் ஏக்கர் ஒன்றுக்கு 2,30,400 கன அடி கிடைக்கும். ஓர் ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. ஆகவே வயல் முழுவதும் ஐந்தேகால் அடி உயரத்திற்கு நீர் நிறுத்துவதற்கு இது சமம். நெற்பயிர் ஒன்றுக்கு மழையையும் சேர்த்துச் சுமார் நான்கு அடி நீர் வேண்டும் என்பது பொதுவான கணக்கு. எனவே ஏட்டளவில் நீர் போதும், மிச்சமும் உண்டு.

ஆனால் வாய்க்காலில் ஓடும்போதே நீர் குறைகிறது. அக்குறைவை அனைவரும் சமமாகச் சுமப்பதில்லை என்பதே இங்கு நுட்பமான செய்தி. தலைமதகில் இருப்பவர் தமக்குரியதை முதலில் எடுத்துக்கொள்கிறார். நடுவில் இருப்பவர் அடுத்து எடுத்துக்கொள்கிறார். இருநூறு கிலோமீட்டரில் நேர்ந்த இழப்பு அத்தனையும் கடைமடைக்காரரின் கணக்கில் வந்து விழுகிறது. வாய்க்கால் முழுமைக்கும் நூற்றுக்குச் சில பங்கு என்று தோன்றும் நட்டம், கடைசி மதகில் பாதி விளைச்சலாகவோ முழு விளைச்சலாகவோ ஆகிவிடக்கூடும். நாற்று விட்டுக் காத்திருந்து, கதிர் வரும் தறுவாயில் நீரின்றிப் பயிர் வாடக் கண்ட குடியானவர், “எனக்கும் இந்த வாய்க்காலில் உரிமை உண்டு, அந்த உரிமை ஏட்டில் மட்டும் இருந்தால் போதுமா?” என்று கேட்பது முற்றிலும் நியாயமே.

மேலும், கரை வலுவிழந்தால் உடைப்பு ஏற்படும். உடைப்பை அடைக்கும் வரை வாய்க்காலை நிறுத்த வேண்டியிருக்கும். அந்த நாட்களின் இழப்பும் பெரும்பாலும் கீழே உள்ளவர்க்கே.

கிணற்றுக்காரரின் நியாயம்

இனி, பூச்சு வேண்டாம் என்போரின் வாதத்தைக் கேட்போம். கொங்கு நாட்டின் அடித்தளம் கடும்பாறை. மேலே சில அடி மண். அதன் கீழ் சிதைந்த பாறை. அதற்கும் கீழே உளிக்கும் அசையாத பாறை. மணற்பாங்கான ஆற்றுப் படுகையைப் போல இங்கே நிலத்தடியில் பெரும் நீர்த்தேக்கம் இல்லை. ஈரோடு மாவட்டத்தில் ஆண்டு மழையளவு சுமார் 700 மில்லிமீட்டர் மட்டுமே. இத்தகைய நாட்டில் கிணறு ஊற வேண்டுமானால், ஏதேனும் ஓரிடத்தில் நீர் நெடுநாள் நின்றோ ஓடியோ மண்ணுக்குள் இறங்க வேண்டும். ஆண்டில் பல மாதங்கள் நீர் ஓடும் மண் வாய்க்கால் அப்பணியை எவரும் ஏவாமலே செய்து வந்திருக்கிறது.

மேட்டில் ஓடும் வாய்க்காலிலிருந்து கசியும் நீர் சரிவை நோக்கி இறங்குகிறது. வழியில் தோட்டக் கிணறுகளை நிரப்புகிறது. ஊர்க் குடிநீர்க் கிணறுகளை வற்றாமல் காக்கிறது. பள்ளங்களிலும் ஓடைகளிலும் ஊற்றாக வெளிப்படுகிறது. அந்த ஓடை நீரைத் தடுத்துப் பாசனம் செய்வோரும் உளர். எஞ்சியது தாழ்ந்த மட்டத்து வாய்க்கால்களையும் ஆற்றையும் சென்றடைகிறது. மஞ்சள், வாழை, தென்னை, கரும்பு என்று ஆண்டு முழுவதும் நீர் வேண்டும் பயிர்கள் கிணற்றை நம்பியே நிற்கின்றன. ஆயக்கட்டிலுள்ள நிலங்களுக்குங்கூட, வாய்க்கால் மூடியிருக்கும் மாதங்களில் ஆதாரம் கிணறே. கறவை மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதும் அதிலிருந்துதான்.

இக்கிணற்று நீருக்குப் பாசனப் பதிவேட்டில் இடமில்லை. மதகு எண் இல்லை. முறை நாள் இல்லை. ஆனால் தலைமுறைகளாக அதை நம்பித் தோட்டம் வைத்து, கடன் வாங்கிக் கிணறு வெட்டி, மோட்டார் பொருத்தி, வீடு கட்டி வாழ்ந்து வருகின்றனர். “பதிவேட்டில் இல்லை என்பதால் எங்கள் வாழ்வும் இல்லையென்று ஆகிவிடுமா?” என்ற அவர்களது கேள்வியையும் தள்ளிவிட முடியாது.

ஒரு வெளிநாட்டு அனுபவம்

இத்தகைய வழக்கு நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் கொலராடோ ஆற்றிலிருந்து கலிபோர்னியாவின் தென்பகுதிக்கு நீர் கொண்டு செல்லும் ‘ஆல் அமெரிக்கன் கால்வாய்’ மெக்சிகோ எல்லையை ஒட்டிச் செல்கிறது. அதன் மண் கரையிலிருந்து கசிந்த நீர், எல்லைக்கு அப்பால் மெக்சிகாலி பள்ளத்தாக்கின் கிணறுகளை நிரப்பி வந்தது. அக்கால்வாயின் 23 மைல் பகுதிக்குக் கான்கிரீட் பூச்சுடைய புதுக் கால்வாய் அமைக்கும் பணி 2007ஆம் ஆண்டில் தொடங்கி 2009ஆம் ஆண்டில் முடிந்தது. ஆண்டுக்கு 67,700 ஏக்கர் அடி நீர், நம் கணக்கில் சுமார் 3 டி.எம்.சி., இதனால் மிச்சமாகும் என்று கணக்கிடப்பட்டது. அதன் பெரும்பகுதி சான்டியாகோ பகுதிக்கு ஒதுக்கப்பட்டது. மெக்சிகோவின் குடியானவர்கள் சார்பில் தொடுக்கப்பட்ட வழக்கு பயன் தரவில்லை.

இதிலிருந்து தெரிவது யாது? மிச்சமான நீர் எனப்படுவது வானத்திலிருந்து புதிதாக வந்த நீரன்று. ஒருவர் கிணற்றில் ஊறிய நீர், மற்றொருவர் குழாய்க்கு மாறியது. அங்கே இரு தேசங்களுக்கிடையே நடந்தது. இங்கோ தலைமடையில் கிணறு வைத்திருப்பவரும் கடைமடையில் வயல் வைத்திருப்பவரும் மாமன் மைத்துனராக இருக்கின்றனர். ஆகவே இங்கே தீர்ப்பைவிட இணக்கமே முக்கியம்.

கசிவு அனைத்தும் ஒன்றன்று

இரு தரப்பிலும் ஒரு தவறு நேர்வதுண்டு. கசிவு அனைத்தும் நட்டம் என்கிறது ஒரு தரப்பு. கசிவு அனைத்தும் நன்மை என்கிறது மறு தரப்பு. உண்மை இவ்விரண்டிற்கும் இடையே இருக்கிறது.

கிணற்றில் ஊறும் கசிவு பயனுள்ளது. தாழ்ந்த வயலில் தேங்கி நிலத்தைச் சதுப்பாக்கி உவர் ஏற்றும் கசிவு தீமையானது. பள்ளத்தை மேவிக் கட்டப்பட்ட உயர்ந்த மண் கரையினூடே வரும் கசிவு ஆபத்தானது. அது நாளடைவில் கரையையே அறுத்துவிடும். உடைந்த மதகு வழியே இரவும் பகலும் ஒழுகுவது கசிவே அன்று, அது கவனக்குறைவு. இந்நான்கையும் ஒரே பெயரால் அழைத்து ஒரே மருந்து கொடுப்பது முறையாகாது. உயர்ந்த கரைப் பகுதிகளையும் மதகுகளையும் கட்டுமானங்களையும் உறுதிப்படுத்துவதற்கு ஒரு நியாயம் உண்டு. இயல்பான நிலத்தை வெட்டி அமைத்த பகுதியில், கிணறுகள் நிறைந்த இடத்தில் பூச்சு இடுவதற்கு அதே நியாயம் பொருந்தாது. கடைமடையின் குறையில் எவ்வளவு கசிவினால் விளைந்தது, எவ்வளவு முறைகேடாக நீர் எடுப்பதனால் விளைந்தது என்பதையும் பிரித்தறிய வேண்டும். பின்னதற்குக் கான்கிரீட் மருந்தாகாது.

கிராமங்கள் செய்யத்தக்கவை

முதலாவது, அளத்தல். வாய்க்காலின் ஒரு பகுதியில் நுழையும் நீரையும், வெளியேறும் நீரையும், இடையிலுள்ள மதகுகள் எடுக்கும் நீரையும் அளந்தால் அப்பகுதியின் இழப்பு வெளிப்படும். இதனைப் பொதுப்பணியில் தேர்ந்த பொறியாளர் செய்வார். உடனிருந்து பார்ப்பது ஊராரின் கடமை.

இரண்டாவது, கிணறுகளின் கணக்கு. ஊருக்குப் பத்துக் கிணறுகளைத் தெரிந்தெடுத்து, வாய்க்கால் திறக்கு முன்னும், ஓடும் காலத்திலும், மூடிய பின்னும் நீர்மட்டத்தைக் கயிறு கொண்டு அளந்து குறித்து வைத்தால், எந்தக் கிணறு வாய்க்காலை நம்பியது, எது மழையை நம்பியது என்பது இரண்டு மூன்று ஆண்டுகளில் விளங்கிவிடும். பள்ளிப் பிள்ளைகளும் செய்யக்கூடிய வேலை இது.

மூன்றாவது, ஒரே அவையில் இரு தரப்பும் அமர்தல். 2000ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தமிழ்நாடு விவசாயிகள் பாசன அமைப்பு மேலாண்மைச் சட்டம் நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்களுக்கு வழி செய்கிறது. கிராம சபையோ ஊரார் அனைவருக்கும் உரியது. ஆயக்கட்டில் நிலமில்லாத கிணற்றுக்காரரும், நிலமே இல்லாத கூலித் தொழிலாளரும், குடத்துடன் குடிநீர்க் கிணற்றுக்குச் செல்லும் பெண்களும் அங்கே பேசலாம். உலகத் தண்ணீர் நாளாகிய மார்ச்சு 22ஆம் நாள் கிராம சபை கூடும் நாட்களுள் ஒன்றாக இருப்பது இதற்கு மிகப் பொருத்தம்.

நான்காவது, மாற்று ஏற்பாடு. எந்த இடத்திலேனும் பூச்சு இன்றியமையாதது என்று அளவைகள் காட்டினால், அவ்விடத்துக் கிணறுகளுக்கு ஊற்று உண்டாகக் குட்டை, தடுப்பணை முதலியவற்றைப் பூச்சுக்கு முன்னரே அமைத்துவிட வேண்டும். பின்னர்ப் பார்த்துக்கொள்வோம் என்பது தகாது. அவ்வாறே பூச்சு வேண்டாம் என்று முடிவாகும் இடங்களில், கடைமடைக்குரிய நீர் தவறாது சென்றடையத் தலைமடையார் பொறுப்பேற்க வேண்டும்.

முடிவுரை

அணையும் வாய்க்காலும் கட்டிய தலைமுறைக்கு, வறண்ட மேட்டு நிலத்திற்கு நீர் கொண்டு வருவதே பெரும் பணியாக இருந்தது. அதை அவர்கள் செய்து முடித்தனர். வந்த நீரை மண்ணுக்கு மேலும் மண்ணுக்குக் கீழும் எவ்வாறு பங்கிடுவது என்பது நம் தலைமுறையின் பணி. வாய்க்கால் நீரும் கிணற்று நீரும் வெவ்வேறு நீரல்ல. ஒரே நீர் இரு பாதைகளில் நடக்கிறது. ஒரு பாதையை மாற்றுமுன், மற்றப் பாதையில் யார் குடத்துடன் காத்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்வது அறிவுடைமை. திட்டம் வகுப்போரும் எதிர்ப்போரும் இதனை நினைவில் கொண்டு, அளவுகோலுடன் வாய்க்காற் கரையில் சேர்ந்து நடப்பார்களேயானால், கடைமடை வயலும் தலைமடைக் கிணறும் ஒருங்கே வாழ வழி பிறக்கும்.