மின்னஞ்சலைப் பூட்டி அனுப்புங்கள்

பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் வழக்கறிஞர் அலுவலகத்துக்கு, வீடு வாங்குபவர் மின்னஞ்சலில் அனுப்புபவற்றைக் கவனியுங்கள். ஐசியின் இரு பக்கமும் இருக்கும். மூன்று மாதச் சம்பளச் சீட்டு, இபிஎப் அறிக்கை, வங்கிக் கணக்கு விவரம் எல்லாம் இருக்கும். கிள்ளானில் ஒரு சிறு நிறுவனம் தன் ஊழியர் அனைவரின் இஏ பாரத்தையும் ஒரே இணைப்பாகக் கணக்காளருக்கு அனுப்புகிறது. ஒருவர் பெயரில் மோசடி செய்வதற்கு வேண்டிய எல்லாமே இவற்றில் அடங்கிவிடும். அனுப்பியவர் பெட்டியில் ஒரு பிரதியும் பெற்றவர் பெட்டியில் ஒரு பிரதியும் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். அவற்றை அழிக்க யாருக்கும் நினைவு வருவதில்லை.

“எங்கள் மின்னஞ்சலில்தான் பூட்டுப் படம் தெரிகிறதே?” என்று பலர் கேட்கிறார்கள். அந்தப் படம் வழிப் பாதுகாப்பைக் (டிஎல்எஸ்: கடிதம் ஒரு சர்வரிலிருந்து அடுத்த சர்வருக்குப் போகும்போது மட்டும் மறைக்கும் முறை) குறிக்கிறது. போய்ச் சேர்ந்தபின் கடிதம் படிக்கக்கூடிய நிலையிலேயே சர்வரில் இருக்கும். உங்கள் கடவுச்சொல்லோ உங்கள் கணக்காளரின் கடவுச்சொல்லோ திருடு போனால், அத்தனை பழைய கடிதங்களும் திருடியவர் கைக்குப் போய்விடும். இதைத் தடுப்பது முனைக்கு முனை குறியாக்கம் (அனுப்புபவர் கணினியில் குலைத்து, பெறுபவர் கணினியில் மட்டும் பழைய எழுத்தாக்குவது).

இது கடினம் என்ற பெயர் காரணமில்லாமல் வரவில்லை. பில் சிம்மர்மன் 1991இல் பிஜிபி என்ற குறியாக்க மென்பொருளை வெளியிட்டார். அல்மா விட்டன், டைகர் என்ற இரு ஆய்வாளர்கள் 1999இல் அதைச் சோதித்தபோது, 90 நிமிடம் கொடுத்தும் மூன்றில் ஒரு பங்கினரால்தான் ஒரு கடிதத்தைச் சரியாகக் கையொப்பமிட்டுப் பூட்டி அனுப்ப முடிந்தது. குறை பயனரிடம் அல்ல, மென்பொருளிடம்தான் இருந்தது. 2020இல் வந்த தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் மென்பொருளின் 78ஆம் பதிப்பு இந்த வசதியைத் தனக்குள்ளேயே சேர்த்துக்கொண்டது. அதற்கு முன் ஜிஎன்யுபிஜி என்ற மென்பொருளைத் தனியாக நிறுவி, எனிக்மெயில் என்ற துணைநிரலையும் போட வேண்டியிருந்தது. இப்போது இரண்டும் தேவையில்லை.

செயல்முறை எளிது. உங்களிடம் இரண்டு சாவிகள் இருக்கும். பொதுச் சாவி (பிறர் உங்களுக்கு எழுதும் கடிதத்தைப் பூட்ட உதவுவது) யாரிடம் வேண்டுமானாலும் இருக்கலாம். தனிச் சாவி (அந்தப் பூட்டைத் திறப்பது) உங்கள் கணினியை விட்டு வெளியே போகக்கூடாது. திறந்த பூட்டுகளை நூறு பேருக்குக் கொடுத்துவிட்டுத் திறவுகோலை மட்டும் இடுப்பில் முடிந்துகொள்வது போல.

தண்டர்பேர்டில் கணக்கு அமைப்புகளுக்குள் ‘எண்ட் டு எண்ட் என்கிரிப்ஷன்’ பகுதியைத் திறந்து ‘ஆட் கீ’ கொடுங்கள். சில நொடிகளில் சாவி உருவாகிவிடும். இயல்பாக அது மூன்று ஆண்டுக்குச் செல்லும். காலம் முடியும்போது புதிய சாவி உருவாக்காமல் பழையதன் காலத்தையே நீட்டிக்கொள்ளலாம். அமைப்புகளில் ‘பிரைமரி பாஸ்வேர்ட்’ ஒன்றும் வைத்துவிடுங்கள். அது இல்லாவிட்டால், உங்கள் மேசையில் வந்து உட்காரும் யாரும் பூட்டிய கடிதத்தைத் திறந்துவிடலாம்.

அன்றே செய்ய வேண்டிய இன்னொரு வேலை, தனிச் சாவியின் காப்புப் பிரதி. இதில்தான் பெரும்பாலானோர் தவறுகிறார்கள். கணினி பழுதாகி, சாவியும் போய்விட்டால், பூட்டிய பழைய கடிதங்களை யாராலும் மீட்க முடியாது. மென்பொருள் செய்தவர்களிடமும் மாற்றுச் சாவி கிடையாது. சாவி நிர்வாகப் பகுதியில் காப்புப் பிரதி எடுத்து, நீண்ட கடவுச்சொல் போட்டு, இரண்டு பென்டிரைவில் வையுங்கள். ஒன்று அலுவலகத்தில் இருக்கட்டும், மற்றது வேறோர் இடத்தில். பிரதி சரியாக இருக்கிறதா என்று இன்னொரு கணினியில் ஒருமுறை திறந்து பார்த்து, பார்த்தபின் அங்கிருந்து நீக்கிவிடுங்கள்.

அடுத்தது சாவிப் பரிமாற்றம். நீங்கள் மின்கையொப்பமிட்டு (அனுப்பியவர் நீங்கள்தான் என்று காட்டும் முத்திரை வைத்து) அனுப்பும் கடிதத்தோடு உங்கள் பொதுச் சாவியும் இணைந்தே போகும். எதிரே இருப்பவரும் கையொப்பமிட்டுப் பதில் அனுப்பினால் அவருடைய சாவியும் வந்துவிடும். ஆனால் வந்தது அவருடைய சாவிதானா? ஒவ்வொரு சாவிக்கும் ஒரு கைரேகை (40 எழுத்து, எண் கொண்ட அடையாள வரிசை) உண்டு. ஏற்கெனவே உங்களுக்குத் தெரிந்த தொலைபேசி எண்ணில் அவரை அழைத்து, அந்த வரிசையை மெதுவாக வாசித்து ஒப்பிடுங்கள். ஒரு நபருக்கு ஒருமுறை செய்தால் போதும். எல்லா வாடிக்கையாளரையும் இதற்குள் கொண்டுவர முயலாதீர்கள். உங்கள் கணக்காளர், வழக்கறிஞர், சம்பளக் கணக்கைப் பார்ப்பவர் என்று ஆவணம் அதிகம் போய்வரும் இரண்டு மூன்று பேரிடம் தொடங்குங்கள்.

அலுவலகம் முழுவதும் அவுட்லுக் அல்லது ஆப்பிள் மெயில் பயன்படுத்துகிறது என்றால், அவற்றில் எஸ்மைம் (ஒரு சான்றளிப்பு நிறுவனம் வழங்கும் சான்றிதழை வைத்துப் பூட்டும் முறை) இருக்கிறது. ஆனால் ஓப்பன்பிஜிபியும் (தண்டர்பேர்டில் மேலே சொன்ன பிஜிபி வழி முறை) எஸ்மைமும் ஒன்றையொன்று திறக்காது. எதைப் பயன்படுத்துவது என்று இரு தரப்பும் முதலில் பேசி முடிவு செய்யுங்கள். எஸ்மைம் சான்றிதழ் காலாவதியானாலும் அதைக் கணினியிலிருந்து நீக்கிவிடாதீர்கள். பழைய கடிதங்களைத் திறக்க அது வேண்டும்.

கடிதத்துக்குப் பதில் ‘என்கிரிப்டட்’ என்ற பெயரில் ஓர் இணைப்பு மட்டும் தெரிந்தால், வைரஸ் என்று பதறி அழிக்க வேண்டாம். தெரிந்தவர் பூட்டி அனுப்பியதை, சாவி இல்லாத இடத்தில், பெரும்பாலும் கைப்பேசியிலோ பிரவுசரிலோ, திறந்திருப்பீர்கள். சாவி உள்ள கணினியில் பாருங்கள். அனுப்பியவரே தெரியாதவர் என்றால் தொடாதீர்கள்.

குறுக்கு வழிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிடிஎப் கோப்புக்கு ஐசி எண்ணையே கடவுச்சொல்லாக வைப்பது இங்கே பரவலான பழக்கம். அந்த 12 இலக்கங்களில் முதல் ஆறு பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த இடத்தின் குறி; சிலாங்கூர் பெரும்பாலும் 10, கோலாலம்பூர் 14. கடைசி நான்கில் 10,000 வாய்ப்புகள்தான். கடைசி இலக்கம் ஆணுக்கு ஒற்றை, பெண்ணுக்கு இரட்டை என்பதால் அதுவும் 5,000 ஆகிவிடும். பிறந்தநாளைப் பேஸ்புக்கில் பார்த்துக்கொள்ளும் ஒருவருக்கு, மீதியைக் கணினி கண நேரத்தில் கண்டுபிடித்துக் கொடுத்துவிடும். கடவுச்சொல்லை அடுத்த மின்னஞ்சலிலேயே அனுப்புவதும் வீண். பிடிஎப்தான் முடியும் என்றால், தொடர்பில்லாத ஐந்து சொற்களைச் சேர்த்துக் கடவுச்சொல் அமைத்து, தொலைபேசியில் சொல்லுங்கள். ஜிமெயிலின் ரகசியப் பயன்முறை (கடிதத்தைப் பிறருக்கு அனுப்பவும் அச்சிடவும் விடாத வசதி) முனைக்கு முனை குறியாக்கம் அல்ல. திரையைப் படம் எடுப்பதையும் அது தடுக்காது.

குறியாக்கம் எல்லாவற்றையும் மறைக்காது. யார் யாருக்கு எப்போது எழுதினார் என்பது வெளியே தெரியும். தலைப்பு வரியைத் தண்டர்பேர்ட் மறைக்கும். எல்லா மென்பொருளும் மறைப்பதில்லை. அதனால் தலைப்பில் ஐசி எண், கணக்கு எண் எழுத வேண்டாம்.

சட்டமும் இறுகியிருக்கிறது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010இன் திருத்தப்படி, 2025 ஜூன் 1 முதல், தீங்கு விளைவிக்கக்கூடிய தரவுக் கசிவை 72 மணி நேரத்துக்குள் ஆணையரிடம் தெரிவிக்க வேண்டும்.

கிள்ளான் துறைமுகச் சரக்கு முகவர்களுக்குத் தனியாக ஒன்று. “எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, புதிய எண்ணுக்குப் பணம் போடுங்கள்” என்று வரும் போலி இன்வாய்ஸைக் குறியாக்கம் மட்டும் தடுக்காது. உங்கள் பொதுச் சாவி யாரிடமும் இருக்கலாம் அல்லவா? அங்கே உதவுவது மின்கையொப்பம் (அனுப்பியவர் அவர்தான், வாசகம் மாறவில்லை என்று காட்டும் முத்திரை). வழக்கமாகக் கையொப்பத்தோடு எழுதுபவரிடமிருந்து கையொப்பமில்லாத கடிதமோ, ‘சாவி பொருந்தவில்லை’ என்ற எச்சரிக்கையோ வந்தால் பணத்தை நிறுத்தி, ஏற்கெனவே தெரிந்த தொலைபேசி எண்ணில் அழைத்துக் கேளுங்கள். கடிதத்தில் கொடுத்திருக்கும் எண்ணை நம்ப வேண்டாம். பணம் போய்விட்டிருந்தால் உடனே உங்கள் வங்கியையோ தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் 997 எண்ணையோ அழையுங்கள். பிறகு காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். அந்த மின்னஞ்சலை அழிக்காமல் அப்படியே வைத்திருங்கள். விசாரணைக்கு அது வேண்டும்.