அரட்டை அறையின் சாவி யாரிடம்?

பள்ளியில் இலக்கிய மன்றக் கூட்டம் நடைபெறுகிறது என்று வைத்துக் கொள்வோம். பேச விரும்புபவர் கையை உயர்த்துகிறார். தலைவர் அழைத்த பின்னரே அவர் பேசலாம். கூச்சலிடுபவரைத் தலைவர் வெளியே அனுப்பலாம். தலைவர் யார் என்பதில் எவருக்கும் ஐயம் எழுவதில்லை; அவர் எல்லோர் கண்முன்னும் மேடையில் அமர்ந்திருக்கிறார்.

இப்போது வேறொரு கூட்டத்தை எண்ணிப் பாருங்கள். இதில் கலந்து கொள்வோர் ஒருவரையொருவர் கண்டதில்லை. வெவ்வேறு நாடுகளில் கணிப்பொறியின் முன் அமர்ந்து, எழுத்து மூலம் பேசிக் கொள்கின்றனர். மேடையும் இல்லை, நாற்காலியும் இல்லை. இக்கூட்டத்துக்குத் தலைவர் யார்? அவர்தாம் தலைவர் என்ற செய்தி எங்கே பதிவாகியிருக்கிறது? அந்தப் பதிவு அழிந்து போனால் என்ன ஆகும்? ஐ.ஆர்.சி. என்னும் இணைய அரட்டை வலை இக்கேள்விகளுக்குத் தந்த விடைகளை இக்கட்டுரையில் காண்போம்.

சேனல் பிறப்பதும் மறைவதும்

ஐ.ஆர்.சி.யை 1988ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பின்லாந்து நாட்டின் ஊலு பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய யார்க்கோ ஒய்க்காரினென் என்பவர் உருவாக்கினார். சில ஆண்டுகளிலேயே அது பல நாடுகளுக்கும் பரவியது. 1991இல் வளைகுடாப் போரின் போதும், அதே ஆண்டு சோவியத் ஒன்றியத்தில் நடந்த ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சியின் போதும், களத்துச் செய்திகள் இதன் வழியே உடனுக்குடன் வெளியே வந்தன. இதன் விதிமுறைகள் 1993ஆம் ஆண்டு மே மாதத்தில் எழுத்து வடிவில் வெளியிடப்பட்டன.

இவ்வலையில் பேச்சு நடைபெறும் அறைக்குச் சேனல் என்று பெயர். சேனலின் பெயர் பெரும்பாலும் # என்ற குறியுடன் தொடங்கும். #வானியல் என்ற பெயரில் சேனல் எதுவும் இல்லாதபோது நீங்கள் அதில் நுழைய முயன்றால், அந்தக் கணமே அச்சேனல் பிறந்துவிடும். முதலில் நுழைந்தவர் என்பதால் நீங்களே அதன் ஆபரேட்டர் ஆவீர்கள். உங்கள் பெயருக்கு முன் @ என்ற குறி தோன்றும். கடைசி ஆள் வெளியேறியதும் சேனல் மறைந்துவிடும். அதைப் பற்றிய நினைவும் அத்துடன் அழிந்துவிடும்.

இது மிக எளிமையான ஏற்பாடு. விண்ணப்பம் இல்லை, கட்டணம் இல்லை, அனுமதி கேட்க வேண்டிய அலுவலகமும் இல்லை. ஆனால் ஒரு குறை உண்டு. இரவில் ஆபரேட்டர் கணிப்பொறியை அணைத்துவிட்டு உறங்கச் சென்றால் அவருடைய @ குறியும் போய்விடும். மறுநாள் திரும்பி வந்தால் அவரும் எல்லோரையும் போல ஒருவரே. வேறொரு ஆபரேட்டர் அங்கு இருந்து குறியை மீண்டும் கொடுத்தால்தான் உண்டு. அதாவது, தொடக்க கால ஐ.ஆர்.சி.யில் அதிகாரம் இருந்தது. அதற்கு நினைவாற்றல் இல்லை.

ஆபரேட்டரின் கருவிகள்

ஆபரேட்டர் சேனலின் தலைப்பை மாற்றலாம். பிறர் அதை மாற்றாதபடி பூட்டலாம். அழைக்கப்பட்டவர் மட்டுமே நுழையலாம் என்றோ, கடவுச்சொல் சொன்னால்தான் நுழையலாம் என்றோ விதிக்கலாம். உறுப்பினர் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வைக்கலாம். கூட்டம் மிகுந்தபோது, நெறிப்படுத்திய நிலை என்ற ஏற்பாட்டை இயக்கலாம். அப்போது @ குறி உடையவரும், + என்ற ‘குரல்’ குறி பெற்றவரும் மட்டுமே பேச இயலும், மற்றவர்கள் படிக்கலாம். மன்றத் தலைவர் பெயர் சொல்லி அழைப்பதற்கு ஒப்பானது இது.

தொல்லை தருபவரை வெளியேற்றுவது ஒரு கருவி. மீண்டும் நுழையாமல் தடை விதிப்பது மற்றொன்று. இரண்டும் வேறு வேறு. வெளியேற்றப்பட்டவர் அடுத்த நொடியே திரும்பி வரலாம். அவரைத் தானாகவே திரும்ப நுழைக்கும் நிரல்களும் உண்டு. ஆகவே, தேர்ந்த ஆபரேட்டர் முதலில் தடை விதிப்பார், பின்னரே வெளியேற்றுவார்.

தடை என்பது ஆளுக்கு அன்று, ஓர் அச்சுக்கே விதிக்கப்படுகிறது. ஒவ்வொருவரையும் வலை மூன்று பகுதிகளால் அடையாளம் காண்கிறது: புனைபெயர், பயனர் பெயர், இணைய முகவரி. இவற்றை ! மற்றும் @ குறிகள் பிரிக்கின்றன. * என்ற குறி ‘எதுவாயினும் சரி’ என்று பொருள்படும். புனைபெயரை மட்டும் தடுத்தால் அவர் பெயரை மாற்றிக் கொண்டு வந்துவிடுவார். முகவரியைத் தடுத்தால், அதே முகவரி வழியாக வரும் ஒரு கல்லூரி முழுவதும் வெளியே நிற்க நேரிடலாம். *!*@* என்று எழுதிவிட்டாலோ, உலகில் எவருமே நுழைய முடியாது! அச்சு குறுகினால் குறும்பர் தப்புவார். அகன்றால் குற்றமற்றவர் தண்டிக்கப்படுவார். எவ்வளவு அகலம் தகும் என்பதைக் கணிப்பொறி சொல்லாது. மனிதர்தாம் முடிவு செய்ய வேண்டும்.

வலை அறுந்தால்?

ஐ.ஆர்.சி. வலை ஒரே கணிப்பொறியில் இயங்குவதன்று. பல சர்வர்கள் மரத்தின் கிளைகளைப் போல ஒன்றோடொன்று இணைந்திருக்கும். ஒரு செய்தி சுற்றிச் சுற்றி வந்து இருமுறை விழக்கூடாது என்பதற்காக, எந்த இரண்டு சர்வர்களுக்கும் இடையே ஒரே வழிதான் வைக்கப்பட்டுள்ளது. ஆகவே 10 சர்வர்கள் இருந்தால் 9 இணைப்புகளே இருக்கும். இதன் விளைவை எளிதில் ஊகிக்கலாம். இணைப்புகளுள் எது அறுந்தாலும் வலை இரண்டு துண்டாகிவிடும். இதனை ‘நெட்ஸ்ப்ளிட்’ என்பர். பேசிக் கொண்டிருந்தவர்களில் பாதிப்பேர் திடீரென்று காணாமற் போவார்கள். உண்மையில் அவர்கள் எங்கும் போகவில்லை. மறு துண்டில் இருந்துகொண்டு, நாம் காணாமற் போனதாக எண்ணிக் கொண்டிருப்பார்கள்.

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. #வானியல் சேனலின் உறுப்பினர்கள் அனைவரும் இடப்பக்கத் துண்டில் உள்ளனர் என்று கொள்வோம். வலப்பக்கத் துண்டைப் பொறுத்தவரை அப்படியொரு சேனலே இல்லை. அங்கு இருக்கும் ஒருவர் #வானியலில் நுழைந்தால், விதிப்படி அவர் முதல் ஆள், எனவே ஆபரேட்டர். சற்று நேரத்தில் இணைப்பு சீராகிறது. இரு துண்டுகளும் ஒன்றாகும்போது இரு பக்கத்து @ குறிகளும் செல்லுபடியானால், உழைத்து வளர்த்த சேனலுக்குள் ஓர் அந்நியர் முழு அதிகாரத்துடன் வந்து நிற்கிறார். மற்ற ஆபரேட்டர்களின் குறிகளைப் பறித்து, எல்லோரையும் வெளியேற்ற அவருக்குச் சில நொடிகள் போதும். இம்முறையில் பல சேனல்கள் கைப்பற்றப்பட்டன.

எந்தச் சர்வரும் பழுதடையவில்லை. எந்த விதியும் மீறப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். ‘முதலில் வந்தவருக்கே உரிமை’ என்ற நல்ல விதிதான், வலை இரண்டானபோது தவறான விடையைத் தந்தது.

இரண்டு மருந்துகள்

இந்நோய்க்கு இரண்டு மருந்துகள் கண்டறியப்பட்டன.

முதலாவது, நேரக்குறி. ஒவ்வொரு சேனலும் எப்போது பிறந்தது என்பதைச் சர்வர்கள் குறித்து வைத்துக் கொள்ளும். வலை மீண்டும் இணையும்போது இரு குறிப்புகளும் ஒப்பிடப்படும். மூத்த சேனலின் ஆபரேட்டர்கள் நிலைப்பர். இளைய பக்கத்தாரின் @ குறி பறிக்கப்படும். இம்முறையில் எல்லாச் சர்வர்களின் கடிகாரங்களும் ஒத்துப் போக வேண்டும். ஒரு கடிகாரம் பின்தங்கியிருந்தால், அதில் பிறந்த புதிய சேனல் பழையதாகத் தோன்றிவிடும்.

இரண்டாவது, காலத்தாழ்வு. பிளவினால் ஒரு சேனல் தன் பக்கத்தில் மறைந்துவிட்டது என்று அறிந்த சர்வர், சிறிது காலத்திற்கு அப்பெயரில் புதிய சேனல் திறக்க இடம் தராது. அதற்குள் இணைப்பு சரியாகிவிடும் என்பது நம்பிக்கை. கடிகாரங்கள் ஒத்துப் போக வேண்டிய தேவை இதில் இல்லை. ஆனால் பிளவு நீண்டு விட்டால் காவல் விலகிவிடும்.

எது சிறந்தது என்ற வாதம் முற்றியது. சர்வர்களை நடத்துவோருக்கு எவ்வளவு அதிகாரம் இருக்கலாம் என்ற கருத்து வேறுபாடும் சேர்ந்து கொண்டது. 1996ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், அன்றைய பெரிய வலையான ஈ.எப்.நெட் நிரந்தரமாக இரண்டாயிற்று. காலத்தாழ்வை ஆதரித்த ஐரோப்பியச் சர்வர்கள் பெரும்பாலும் ஐ.ஆர்.சி.நெட் என்ற பெயரில் தனியே சென்றன. ‘பெரும் பிளவு’ என்று இன்றும் அழைக்கப்படும் அது, கம்பி அறுந்ததால் வந்தது அன்று. மனம் ஒத்துப் போகாததால் வந்தது.

நினைவுள்ள காவற்காரர்

வேறு சில வலைகள் மூன்றாவது வழியைக் கண்டன. அதிகாரத்திற்கு நினைவாற்றல் இல்லாததுதானே குறை? அந்த நினைவைக் கொடுத்துவிட்டால் என்ன? 1994இல் தொடங்கிய டால்நெட் இதில் புகழ் பெற்றது. அங்கே நிக்சர்வ் என்ற நிரல் புனைபெயர்களையும், சான்சர்வ் என்ற நிரல் சேனல்களையும் பதிவேட்டில் எழுதிக் காக்கின்றன. சேனலைப் பதிவு செய்தவர் பத்து நாள் கழித்து வந்தாலும், கடவுச்சொல்லைக் கூறித் தம்மை மெய்ப்பித்தால் @ குறி திரும்பக் கிடைக்கும். இரவில் உறங்கலாம், சாவி தொலையாது.

ஈ.எப்.நெட் இத்தகைய பதிவேட்டை ஏற்கவில்லை. அங்கு சான்பிக்ஸ் என்ற நிரல், ஒரு சேனலில் நெடுங்காலமாக ஆபரேட்டராக இருந்து வருபவர்கள் யார் என்று மதிப்பெண் வைத்துக் கொண்டே வருகிறது. சேனலில் ஆபரேட்டரே இல்லாத நிலை வந்தால், அதிக மதிப்பெண் உடையவர்களுக்குக் குறியைத் திருப்பித் தருகிறது. முன்னது பத்திரத்தைப் பார்த்து உரிமை வழங்குவது; பின்னது அனுபோகத்தைப் பார்த்து வழங்குவது எனலாம்.

பதிவேடு யார் கையில்?

பதிவேடு வந்ததும் ஒரு புதிய கேள்வி பிறந்தது. சேனலின் சாவி ஆபரேட்டரிடம். சாவிகளின் பதிவேடு வலையை நடத்துவோரிடம். அவர்கள் தவறினால்?

2021ஆம் ஆண்டு இதற்கு விடை கிடைத்தது. கட்டற்ற மென்பொருள் திட்டங்கள் பல கூடிப் பேசி வந்த பிரீநோட் என்ற வலையின் கட்டுப்பாடு பற்றித் தகராறு எழுந்தது. அதை நடத்தி வந்த தொண்டர்கள் மே மாதத்தில் விலகி, லிபரா சாட் என்ற புதிய வலையைத் தொடங்கினர். பல சேனல்கள் தாங்கள் இடம் மாறுவதைத் தலைப்பில் எழுதி வைத்தன. அம்மாத இறுதியில், தலைப்பில் அப்பெயர் இருந்த நூற்றுக்கணக்கான சேனல்களைப் பிரீநோட்டின் புதிய நிர்வாகம் கையகப்படுத்தியது. ஜூன் மாதத்தில் பிரீநோட் புதிய மென்பொருளுக்கு மாறியபோது, பல ஆண்டுகளாகச் சேர்ந்த பெயர்ப் பதிவுகளும் சேனல் பதிவுகளும் அழிந்தன. ஆனாலும் பேசியவர்கள் அழியவில்லை. எழுந்து வேறிடம் சென்றார்கள். ஐ.ஆர்.சி.யின் விதிமுறைகள் எவருக்கும் தனிச்சொத்து அல்ல என்பதால், புதிய வலையொன்றைத் தொடங்க அவர்களுக்குத் தடை இருக்கவில்லை.

குறியை மறைத்து வைப்பவர்

லிபரா சாட் வலை தன் சேனல்களுக்கு ஓர் அறிவுரை கூறுகிறது. @ குறியை எந்நேரமும் அணிந்து கொண்டிருக்க வேண்டாம்; தேவை ஏற்படும்போது சான்சர்விடம் பெற்று, வேலை முடிந்ததும் நீக்கிவிடுங்கள் என்பதே அது. காரணம் எளியது. குறியைப் பார்த்தாலே சிலருக்குச் சீண்டத் தோன்றும். குறியை அணிந்தவருக்கோ அதைப் பயன்படுத்தத் தோன்றும். சூடாகும் பேச்சை ஒரு நல்ல சொல்லால் தணிக்க முடிந்தால், வெளியேற்றவோ தடை விதிக்கவோ வேண்டியதில்லை.

நேரக்குறி, காலத்தாழ்வு, பதிவேடு ஆகிய மூன்றும் ‘அதிகாரம் யாரிடம்?’ என்ற கேள்விக்குக் கணிப்பொறி தரும் விடைகள். ‘அதை எப்போது பயன்படுத்துவது?’ என்ற கேள்விக்கு அதனிடம் விடை இல்லை. அந்த விடையைச் சேனலில் கூடியிருப்பவர்கள்தாம் நாள்தோறும் தேடிக் கொள்ள வேண்டும்.

செய்து பாருங்கள்

ஐந்து மாணவர்கள் சர்வர்களாக நில்லுங்கள். நான்கு நூல்களால் உங்களை மரவடிவில் இணைத்துக் கொள்ளுங்கள். ஒவ்வொருவரும் ஒரு தாளில் #வானியல் சேனலின் உறுப்பினர், ஆபரேட்டர், பிறந்த நேரம் ஆகியவற்றை எழுதுங்கள். ஒரு நூலை வெட்டுங்கள். எந்தப் பக்கத்தில் உறுப்பினர் இல்லையோ அங்கு ஒரு புதியவரை நுழையச் சொல்லுங்கள். பிறகு நூலை முடிச்சிட்டு, தாள்களை ஒன்றாக்குங்கள்.

1. நேரத்தைப் பாராமல் இணைத்தால் யார் யார் ஆபரேட்டர்கள்?

2. நேரக்குறியைப் பார்த்து இணைத்தால்?

3. புதியவரின் பக்கத்துக் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்தங்கியிருந்தால் விடை எவ்வாறு மாறும்?

4. ஐந்தாவது நூல் ஒன்றைக் கட்டி வளையமாக்கினால், ஒரு நூலை வெட்டும்போது பிளவு ஏற்படுமா? அதனால் வேறென்ன தொல்லை வரும்?