கன்னிக்கு ஓர் எண்

புதியம்புத்தூர் வாசகருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. தோட்டத்தில் கட்டியிருந்த கன்னி இனக் கடுவன் நாயை ராத்திரியோடு ராத்திரியாக யாரோ அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார்கள், மிச்சமிருக்கும் பெட்டைக்கு மைக்ரோசிப் போட்டால் திருட்டு நிற்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். நிற்காது. ஆனாலும் போடுங்கள்.

காவல் நிலையத்தில் சொன்ன அடையாளத்தை எனக்கும் எழுதியிருக்கிறீர்கள்: கறுப்பு உடம்பு, கண்ணுக்கு மேலே இரண்டு செம்பொட்டு, ஒட்டிய வயிறு, நீண்ட மூஞ்சி. ஓட்டப்பிடாரத்திலிருந்து சாத்தூர் வரைக்கும் எந்தக் கன்னியைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் இந்த அடையாளம் பொருந்தும். இனம் சுத்தமாக இருக்க இருக்க ஒன்றிலிருந்து இன்னொன்றைப் பிரித்துச் சொல்வது கஷ்டம். நாம் பெருமையாகச் சொல்வதே திருடனுக்கு வசதியாகிவிடுகிறது.

"நாய் என்ன விலை பெறும்?" என்று ஸ்டேஷன் ரைட்டர் கேட்டதில் உங்களுக்குக் கோபம். அவரைக் குறைசொல்ல முடியாது, சட்டமே அப்படித்தான் கேட்கிறது. 2024 ஜூலை முதல் நடப்பிலிருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆம் பிரிவில் திருட்டுக்கு 3 ஆண்டு வரை சிறை உண்டு. ஆனால் திருடுபோன பொருள் 5,000 ரூபாய்க்குக் குறைவு, அகப்பட்டவனுக்கும் அது முதல் தண்டனை, பொருளையும் திருப்பிக் கொடுத்துவிட்டான் என்றால் சமூக சேவையோடு போயிற்று. அந்த வகை வழக்கை நீதித்துறை நடுவரின் உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரிக்கவும் முடியாது. உறவுக்காரர் சும்மா கொடுத்த குட்டிக்கு நீங்கள் எந்த ரசீதைக் காட்டுவீர்கள்? வேடிக்கை என்னவென்றால், திருட்டுக்குச் சட்டம் தரும் உதாரணங்களில் ஒன்று நாய்தான். தீனியைக் காட்டி அடுத்தவர் நாயை ஏய்த்துக் கூட்டிப்போனால், நாய் பின்னால் நடக்கத் தொடங்கிய அந்த நிமிடமே திருட்டு. 1860ஆம் வருஷத்து இந்திய தண்டனைச் சட்டத்தில் இருந்த உதாரணம் புதுச் சட்டத்திலும் அப்படியே இருக்கிறது.

திருட்டு எது என்பதில் குழப்பமில்லை. நாய் யாருடையது என்பதில்தான் எல்லாச் சிக்கலும். 2020இல் மத்தியப் பிரதேசம் ஹோஷங்காபாத்தில் ஒரு லாப்ரடாரை இரண்டு பேர் தங்களுடையது என்றார்கள். ஆளுக்கொரு பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். கடைசியில் நாயின் ரத்தத்தை டிஎன்ஏ சோதனைக்கு அனுப்பி, தகப்பன் நாயோடு ஒப்பிட்டுத்தான் தீர்த்தார்கள். முடிவு வர மாதங்கள் ஆயின. சிப் இருந்திருந்தால் ஒரு நிமிட வேலை.

அரிசி மணி அளவுள்ள கண்ணாடிக் குழல் அது. தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கடியில் ஊசியால் செலுத்துவார்கள். பேட்டரி கிடையாது. ரீடரைக் கிட்டே கொண்டுபோனால் 15 இலக்க எண்ணைக் காட்டும், அவ்வளவே. நாய் எங்கே இருக்கிறது என்று செல்போனில் காட்டும் என நினைத்துவிடாதீர்கள். மாட்டின் காதில் போடும் 12 இலக்க மஞ்சள் வில்லையை ஒரு கத்தரிக்கோலால் எடுத்துவிடலாம், இதை அப்படி எடுக்க முடியாது. சூடு போட்டால் என்ன என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அது வதை. அதோடு, சூட்டுத் தழும்பு சொந்தக்காரரின் பெயரைச் சொல்லாது.

எண்ணும் தானாகப் பெயரைச் சொல்லிவிடாது. எந்த ஊரில் ரீடரை வைத்தாலும் உங்கள் விலாசம் வருகிற மாதிரி ஒரே பொதுப் பதிவேடு நம் நாட்டில் இல்லை. சென்னை மாநகராட்சி 2025இல் வளர்ப்பு நாய்களுக்குச் சிப்பையும் உரிமத்தையும் கட்டாயமாக்கியது, அந்தக் கணக்கு சென்னைக்கு மட்டும். இங்கிலாந்தில் 2016 முதல் சிப் கட்டாயம். அப்படியும் நாய் திருட்டு ஓயாமல், 2024இல் செல்லப்பிராணிக் கடத்தலுக்கு என்றே 5 ஆண்டு வரை சிறை என்று தனிச் சட்டம் போட்டார்கள்.

முயல் வேட்டைக்குத்தான் தூக்கியிருப்பார்கள் என்கிறீர்கள். பாஞ்சாலங்குறிச்சியில் முயல் நாயைத் துரத்திய கதையைக் கேட்டு வளர்ந்த ஊர்க்காரர் நீங்கள், உங்களுக்குத் தெரியாததா! ஆனால் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டப்படி அந்த வேட்டையே குற்றம். அப்படிக் கொண்டுபோனவன் நாயை மருத்துவரிடம் காட்டமாட்டான், ரீடர் பக்கமே அது வராது. அதனால்தான் நிற்காது என்றேன். எங்கேயாவது கண்ணில் பட்டு, "இது என் நாய்" என்று நீங்களும் அவனும் ஸ்டேஷனில் எதிரெதிரே நிற்கும்போதுதான் சிப்புக்கு வேலை. அன்றைக்கு அந்த எண் உங்கள் பெயரோடு ஏற்கனவே எங்காவது எழுதப்பட்டிருக்க வேண்டும்.

ஆகவே பெட்டைக்குச் சிப் போட்டதும் கால்நடை மருத்துவரிடம் வெறிநாய்த் தடுப்பூசி அட்டையில் அந்த எண்ணையும், உங்கள் பெயரையும், தேதியையும் எழுதி முத்திரை வாங்குங்கள். எண்ணின் ஸ்டிக்கர் தருவார்கள், அதையும் ஒட்டுங்கள். கடைசியில் ரீடரில் எண் தெரிகிறதா என்று உங்கள் முன்னாலேயே பார்க்கச் சொல்லுங்கள். அடுத்த முறை குட்டி வாங்கினால், தெரிந்தவரிடமே ஆனாலும், விலை போட்டு ஒரு துண்டுச் சீட்டு கேளுங்கள்.

போன கடுவனுக்குச் சிப் இல்லை. ஆனால் அதன் தாய் எந்த வீட்டில் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அது பெரிய விஷயம். ஹோஷங்காபாத்தில் கைகொடுத்தது தகப்பன் நாய், உங்களுக்குத் தாய் நாய். அந்த வீட்டுக்காரரிடம் இப்போதே பேசி, குட்டி கொடுத்ததை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பழைய போட்டோக்களில் காது, பாதம், மார்பு வெள்ளை தெரிகிறவற்றைத் தனியே எடுத்து வையுங்கள். புகாருக்குக் கொடுத்த சி.எஸ்.ஆர். ரசீதை மட்டும் தொலைத்துவிடாதீர்கள். நாயைப் பார்த்ததாக யாராவது சொன்னால், போலீஸ் முதலில் கேட்பது அதைத்தான்.