ஹொஸ்பிஸ்: வழிப்போக்கருக்கு ஒரு கூரை

'ஹொஸ்பிஸ்' என்றதும் மரணத்தை எதிர்நோக்கும் நோயாளரின் இல்லம் என்றே பலரும் எண்ணுகின்றனர். அதன் முதற்பொருள் வேறு. விருந்தாளி, விருந்தளிப்பவர் ஆகிய இருவரையுமே குறித்த 'ஹொஸ்பெஸ்' எனும் இலத்தீன் சொல்லே இதன் வேர். ஆல்ப்ஸ் மலைக்கணவாயில் 11ஆம் நூற்றாண்டில் எழுந்த புனித பேர்னாட் மடம், பனியில் தவித்த பயணிகளுக்கு உணவும் உறைவிடமும் அளித்தது.

நமக்கும் இது புதிதன்று. சிங்களவரின் அம்பலம, தமிழரின் மடமும் சத்திரமும், முஸ்லிம்களின் முசாபிர்கானா யாவும் இதே பணியைச் செய்தன. ஸக்காத் பெறத் தகுதியுடைய எட்டு வகையினருள் வழிப்போக்கரும் அடங்குவர். பதுளை மாவட்டத்தின் போகொடையில், பழைய மரப்பாலத்தின்மேல் ஓட்டுக்கூரை இன்றும் நிற்கிறது. மழையில் நடந்தவர்கள் அதன் அருமையை அறிந்திருப்பர்.

ஆனால், கோப்பித் தோட்டங்களை நாடி மன்னாரிலிருந்து மாத்தளை நோக்கி நடந்த மலையக மூதாதையர் பலர், பசியாலும் கொலராவாலும் வழியிலேயே மடிந்தனர்.

1967இல் லண்டனில் சிசிலி சோண்டர்ஸ் அம்மையார் தாம் தொடங்கிய ஹொஸ்பிஸுக்குப் பயணிகளின் காவலராகக் கருதப்படும் புனித கிறிஸ்தோபரின் பெயரை இட்டார். நோயைக் குணப்படுத்த முடியாதபோதும் வலியைத் தணிக்கலாம், அருகில் இருக்கலாம் என்பதே அவர் காட்டிய வழி.

பிள்ளைகள் கொழும்புக்குப் போய்விட, லயத்தில் தனித்திருக்கும் முதியவர் நம் தோட்டங்களிலும் உண்டு. அவருக்கு ஒரு பிடி சோறும், ஆஸ்பத்திரிக்கு ஒரு துணையும் கிடைத்தால், அந்த லய அறையும் ஒரு ஹொஸ்பிஸே.